முட்டி மாற்று ஆபரேஷன்: குணமாவது டாக்டர் கையிலா, வீட்டார் கையிலா?

தாமிரபரணி எழுதியது:

வணக்கம். அம்மாவுக்கு 66 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்து வெளிப்பக்கமாக வளைந்துவிட்டன. இடது கால் ரொம்ப மோசம். தெருமுனைக் கடைக்குப் போய்வருவதற்குள் எங்காவது திண்ணை பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்று பார்த்த மூன்று டாக்டர்களுமே சொல்லிவிட்டார்கள். அதில் எங்களுக்கும் சந்தேகமில்லை.

குழப்பம் அடுத்ததில்தான். முதல் இடத்தில், ரோபோ வைத்துச் செய்வோம், இரண்டு காலையும் ஒரே நேரத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் தங்க நிற முட்டி, சாகும்வரை உழைக்கும் என்றார்கள். மூன்றாவது டாக்டர் எக்ஸ்ரேயைச் சட்டென்று பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார். சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.9, ஹீமோகுளோபின் 9.6. "இது ரெண்டையும் சரி பண்ணிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார். "தொழில் தெரிஞ்சவரா இருந்தா திருப்பி அனுப்புவாரா?" என்கிறான் அண்ணன்.

எங்கள் தெருவிலேயே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் காய்கறி மார்க்கெட்டுக்கு நடந்து போய் வருகிறார். இன்னொருவர் இன்னும் வாக்கரை விடவில்லை. எதனால் இந்த வித்தியாசம்? எதைப் பார்த்து முடிவெடுப்பது?

கொங்குத்தம்பி எழுதியது:

ரோபோவுக்கே போங்க மேடம். என் மாமனாருக்கு அதில்தான் செய்தோம், மறுநாளே நடக்க வைத்துவிட்டார்கள். காசு கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

எலும்பன் எழுதியது:

நான் ஆர்த்தோ டாக்டர். எந்த மருத்துவமனையையும் இங்கே சிபாரிசு செய்ய மாட்டேன், அதனால் தயங்காமல் எழுதுகிறேன்.

தாமிரபரணி, உங்களைத் திருப்பி அனுப்பினாரே, அவரை விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு அட்மிஷன் போட்டிருந்தால் அவருக்கு வருமானம். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றால் காரணம் இருக்கிறது.

இந்த ஆபரேஷனில் நாங்கள் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: உள்ளே வைத்த உலோகத்தில் கிருமி ஒட்டிக்கொள்வது. நூறில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். சதையில் புகுந்த கிருமியை ஆன்டிபயாடிக் கொன்றுவிடும். உலோகத்தில் ஒட்டிய கிருமி தன்மேல் ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். மருந்து அதற்குள் போகாது. அப்புறம் வைத்த மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட் கட்டையை வைத்து, வாரக்கணக்கில் ஊசி போட்டு, திரும்பவும் திறந்து புது மூட்டு வைக்க வேண்டும். முதல் ஆபரேஷனின் பலன் அதில் முழுதாகத் திரும்பி வருவதில்லை. சர்க்கரை ஏறி இருக்கும் உடம்பில் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும், காயமும் மெதுவாகத்தான் ஆறும். அதனால்தான் எங்களில் பலர் எச்பிஏ1சி 7.5, அதிகம் போனால் 8, அதற்கு மேல் இருந்தால் தள்ளிப்போடுகிறோம். அந்தப் பரிசோதனை கடந்த மூன்று மாத சராசரியைக் காட்டுவது. ஒரு வாரம் சோற்றைக் குறைத்துவிட்டு வந்தால் இறங்காது.

ஹீமோகுளோபின் 9.6ஓடு போனால் ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். ரத்தம் ஏற்றியவர்களுக்குக் கிருமித் தொற்றும் கூடுதலாக வருகிறது. அம்மாவுக்கு இரும்புச் சத்துக் குறைவா, உள்ளே எங்காவது ரத்தக் கசிவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் கூடவே வேறு சிலதையும் பார்ப்பேன். சொத்தைப் பல், ஈறில் சீழ். சிறுநீர் போகும்போது எரிச்சல். குதிகாலில் பித்த வெடிப்பு, கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். வீட்டில் இதை யாரும் நோயாகவே நினைப்பதில்லை, கேட்டால்தான் செருப்பைக் கழற்றிக் காட்டுவார்கள். கிருமிக்கு அதுவே வாசல். அடுத்து, முட்டியில் ஸ்டீராய்டு ஊசி எப்போது போட்டார்கள்? மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுத்தால் ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை அளவு சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் ஆபத்து அதில் உண்டு.

ரோபோ பற்றி: எலும்பைத் திட்டமிட்ட கோணத்தில் துல்லியமாக வெட்ட அது உதவுகிறது, உண்மை. ஆனால் ஒன்றிரண்டு வருடம் கழித்து நோயாளியைக் கேட்டால் வலியிலும் நடையிலும் பெரிய வித்தியாசம் இருப்பதாக இதுவரை உறுதியாகவில்லை. கொங்குத்தம்பி, மறுநாள் நடக்க வைப்பது ரோபோவால் அல்ல. ரோபோ இல்லாத இடத்திலும் அன்றைக்கு மாலையோ மறுநாளோ நடக்க வைக்கிறார்கள். தங்க நிறம் என்பது மேற்பூச்சு. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உபயோகப்படலாம். மற்றவர்களுக்குக் கூடுதல் செலவுதான்.

சாதாரண கோபால்ட் குரோமியம் உலோகக் கலவை மூட்டே நன்றாக உழைக்கும். 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி, முழு முழங்கால் மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 வருடம் தாங்குகின்றன. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் அந்த வகைக்கு 54,720 ரூபாய், வரி தனி, என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன்பு லட்சத்துக்கு மேல் விற்றது. பில்லில் இம்ப்ளான்ட் விலை தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

பழைய ஸ்கூட்டர் எழுதியது:

டாக்டர் சார் சொல்வதெல்லாம் சரி. ஆனால் எல்லாம் சரியாக இருந்தும் சரியாகாதவன் ஒருவன் இங்கே இருக்கிறேன்.

எனக்குச் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. வயது 57. சென்னையில் பேர்பெற்ற ஒரு தனியார் மருத்துவமனை. காயம் அழகாக ஆறியது, கிருமி வரவில்லை. முட்டி 115 டிகிரி மடங்குகிறது. ஆனால் வலி போகவில்லை. திரும்பத் திரும்பப் போனேன். "எக்ஸ்ரே பிரமாதமா இருக்கு சார்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பினார்கள். எக்ஸ்ரேவுக்கா நான் ஆபரேஷன் செய்துகொண்டேன்?

இன்னொன்று. தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது, கோயிலில் விழுந்து கும்பிட முடியாது என்று முன்னாடி யாரும் சொல்லவில்லை. கேட்டபோது, "எல்லாம் பண்ணலாம் சார்" என்றார்கள். முடிந்த பிறகு, "அதெல்லாம் செய்யாம இருந்தா மூட்டுக்கு நல்லது" என்கிறார்கள்.

கொங்குத்தம்பி எழுதியது:

பயிற்சி ஒழுங்கா செஞ்சீங்களா அண்ணே?

பழைய ஸ்கூட்டர் எழுதியது:

இதே கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள் தம்பி. செய்தேன். ஒருநாள் விடவில்லை. சரியானால் டாக்டர் கெட்டிக்காரர், சரியாகாவிட்டால் நோயாளி சோம்பேறி. நல்ல கணக்கு.

எலும்பன் எழுதியது:

ஸ்கூட்டர் சார், உங்கள் கோபம் நியாயம். முழங்கால் மாற்றுச் செய்தவர்களில் பத்திலிருந்து இருபது சதவீதம் பேர் திருப்தியில்லை என்றே சொல்கிறார்கள். எத்தனையோ நாடுகளில் கேட்டுப் பார்த்தாயிற்று, இது கொஞ்சம் கூடும் குறையும், மறைவதில்லை. இடுப்பு மூட்டு மாற்றில் இவ்வளவு அதிருப்தி கிடையாது. எங்கள் ஆட்கள் இதை ஆபரேஷனுக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதும் உண்மை.

ஒன்று கேட்கலாமா? ஆபரேஷனுக்கு முன்பு எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு உரசும் நிலையா, இல்லை நடுத்தரத் தேய்மானமா?

பழைய ஸ்கூட்டர் எழுதியது:

"ஆரம்பக் கட்டம்தான், இப்பவே பண்ணிட்டா நல்லது" என்றார்கள்.

எலும்பன் எழுதியது:

அங்கேதான் விஷயம் இருக்கிறது. தேய்மானம் குறைவாக இருக்கும்போதே மாற்றிக்கொண்டவர்களிடம் அதிருப்தி அதிகம். முழுக்கத் தேய்ந்து, ராத்திரி தூங்க முடியாமல் தவித்து வருபவர்களுக்குக் கிடைக்கும் நிம்மதி இவர்களுக்குக் கிடைப்பதில்லை. படத்தில் தேய்மானம் கொஞ்சம், வலி மட்டும் நிறைய என்றால், அந்த வலி முதுகுத் தண்டு நரம்பிலிருந்து வருகிறதா, இடுப்பு மூட்டிலிருந்து இறங்குகிறதா என்று தேடியிருக்க வேண்டும். இடுப்பு மூட்டு கெட்டவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வேறொரு டாக்டரிடம் இரண்டாவது கருத்து வாங்குங்கள். அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மூட்டு நீரை எடுத்துப் பரிசோதித்து, மெதுவாக வளரும் கிருமி இல்லை என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். காயம் ஆறிவிட்டது என்பதால் உள்ளே கிருமி இல்லை என்று ஆகிவிடாது. இடுப்பையும் முதுகையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் மூட்டைத் திறந்து மறுபடி மாற்ற மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் செய்த ஆபரேஷன்கள் பெரும்பாலும் உதவுவதில்லை.

பிசியோ அக்கா எழுதியது:

"பயிற்சி செஞ்சீங்களா" என்ற கேள்வியால் நொந்துபோன பலரை எனக்குத் தெரியும். அதனால் நான் வீட்டு ஆட்களிடம் பேசுகிறேன், நோயாளியிடம் அல்ல.

டிஸ்சார்ஜ் ஆனவர்களின் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது காலுக்கடியில் தலையணை இருக்கிறதா என்றுதான். பத்து வீட்டில் எட்டில் இருக்கும். முட்டிக்கு அடியில், மெத்தென்று. பாசத்தில் வைக்கிறார்கள், நோயாளிக்கும் சுகமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சுகத்திலேயே கிடந்தால் கால் மடங்கிய நிலையில் இறுகிவிடும். எவ்வளவு மடங்குகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். முழுக்க நீளுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கால் பத்து டிகிரி நீளாமல் நின்றால் நொண்டல் நிச்சயம், தொடைத் தசையும் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

தலையணையை எடுத்துவிட்டு ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் தொங்கும், பின்பக்கம் இழுக்கும், வலிக்கும். அப்படியே முட்டியைப் படுக்கையை நோக்கி அழுத்தச் சொல்லி ஐந்து எண்ணுங்கள். துண்டை எடுத்தபின் முட்டிக்கும் படுக்கைக்கும் நடுவில் உங்கள் கையை நுழைத்துப் பாருங்கள். முதல் வாரம் உள்ளங்கை தாராளமாகப் போகும். போகப் போக விரல் நுனிகூடப் போகக் கூடாது. இதற்கு மெஷின் எதுவும் தேவையில்லை. காலைத் தானாக மடக்கி நீட்டும் மெஷினை வாடகைக்கு எடுக்கிறார்கள். அதனால் சொல்லும்படியான பலன் இல்லை என்று ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தில் தொடையின் முன் தசை தன் பலத்தில் பாதிக்கும் மேல் இழந்துவிடும். அதனால்தான் "கால் என்னோடது மாதிரியே இல்லை" என்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பே தொடைக்குப் பலம் சேர்த்துக்கொண்டு போனவர்களுக்கு அந்த முதல் சில வாரங்கள் சுலபமாக இருக்கும். தாமிரபரணி, உங்களுக்கு மூன்று மாதம் கிடைத்திருக்கிறதே, அதை இதற்கும் பயன்படுத்துங்கள்.

வலி மாத்திரையைப் பற்றி. "கிட்னி கெட்டுப்போகும்" என்று மாத்திரையை ஒளித்துவைக்கும் வீடுகள் உண்டு. எந்த மாத்திரை, எவ்வளவு என்று டாக்டரிடமே கேளுங்கள், சில மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாதுதான். ஆனால் மாத்திரையே இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி நடக்காது. பயிற்சிக்கு அரைமணி, முக்கால் மணி முன்னால் கொடுங்கள். நான் முட்டியை மடக்கும்போது அம்மா கத்துவார், உடனே மகன் ஓடிவந்து, "பாவம் விட்டுருங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். அந்த "நாளைக்கு" தள்ளித் தள்ளி ஒன்பதாவது வாரமாகிவிட்டால், மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டிய நிலை வரும். அதற்கும் முதல் பன்னிரண்டு வாரம்தான் நல்ல காலம்.

நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ 100 டிகிரிக்குக் கிட்ட வேண்டும். குத்தவைத்து உட்கார 130க்கு மேல். ஆகவே வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால், ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்னால் வெஸ்டர்ன் போட்டுவிடுங்கள், பக்கத்துச் சுவரில் கைப்பிடியோடு. அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றால் எப்போதும் நடக்காது.

வைகைக்கரை எழுதியது:

அக்கா, சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே? என் மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் ஆகி மூன்றாவது வாரம். "தையல் போட்ட உடம்பு" என்று முட்டை கூடாது, மீன் கூடாது, கத்திரிக்காய் கூடாது, பருப்பு வாயு. இட்லியும் ரசம் சாதமும் அரிசிக் கஞ்சியும்தான் போகிறது. நான் ஏதாவது சொன்னால், "நீ என்ன டாக்டரா?" என்கிறார் நாத்தனார்.

கொல்லிமலை தேன் எழுதியது:

பத்தியம் என்பது சும்மா வந்ததில்லை. புண் ஆறும் வரை கரப்பான் பண்டம் சேர்க்கக் கூடாது என்று பெரியவர்கள் அனுபவத்தில் கண்டது.

எலும்பன் எழுதியது:

பெரியவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. கணக்கை மட்டும் பாருங்கள். ஆபரேஷன் ஆன உடம்புக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 65 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 80 கிராமிலிருந்து 100 கிராம். ஒரு இட்லியில் 2 கிராம். ரசத்தில் ஒன்றுமில்லை. காலையில் நான்கு இட்லி, மத்தியானம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி என்றால் 30 கிராம் தாண்டாது. மிச்சத்தை உடம்பு எங்கே தேடும்? தொடைத் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். பிசியோ அக்கா கஷ்டப்பட்டு வளர்க்கப் பார்க்கும் அதே தசை.

ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் 3.5க்குக் கீழே போனவர்களுக்குக் காயம் பிரிவதும் கிருமி வருவதும் அதிகம். முட்டை ஒன்றுக்கு 6 கிராம். நூறு கிராம் மீன் 20 கிராம். சைவமென்றால் பன்னீர், கெட்டித் தயிர், கொண்டைக்கடலைச் சுண்டல், சோயா. மீனாலும் முட்டையாலும் தையல் சீழ் பிடித்து நான் பார்த்ததில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

நாத்தனாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். அடுத்த செக்கப்புக்கு அவரையே கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயால் கேட்க வையுங்கள்.

கொல்லிமலை தேன் எழுதியது:

கத்திரிக்காய்?

எலும்பன் எழுதியது:

சாப்பிடட்டும். அதில் புரதமும் இல்லை, ஆபத்தும் இல்லை.

இரவுப்பணி எழுதியது:

ஆர்த்தோ வார்டில் நர்ஸ். வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நடப்பதைச் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் வீட்டிலேயே பிளேடு வைத்துக் காலைச் சுத்தமாக மழித்துக்கொண்டு வந்து நிற்பார்கள், நல்லது என்று நினைத்து. கண்ணுக்குத் தெரியாத கீறல் நூறு இருக்கும், ஒவ்வொன்றிலும் கிருமி குடியேறும். தேவைப்பட்டால் நாங்களே கிளிப்பரில் எடுத்துக்கொள்வோம். ஆன்டிபயாடிக் ஊசி தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் அதைச் சத்தமாகக் கேட்டு, பதில் வாங்கி எழுதும் இடமாக இருந்தால் நல்ல இடம் என்று நம்பலாம். விளம்பரப் பலகையைவிட இது எனக்கு முக்கியம்.

அப்புறம் விசிட்டர்கள். கட்டிலைச் சுற்றி ஒன்பது பேர், ஹார்லிக்ஸ் பாட்டில், குழந்தைகள், ஒருவர் படுக்கையிலேயே உட்கார்ந்திருப்பார். கட்டுப் போட்ட காலைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் போவதில்லை. ஊரே வந்து பார்க்க வேண்டும் என்று நோயாளிக்கும் ஆசை, என்ன செய்வது.

வயதானவர்கள் ராத்திரியில் திடீரென்று குழம்பிப்போய், செத்துப்போன அண்ணனைக் கூப்பிடுவார்கள், ஊசிக் குழாயைப் பிடுங்குவார்கள். "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று குடும்பம் அழும். பெரும்பாலும் அது சில நாளில் தெளியும். கண்ணாடியையும் காது மெஷினையும் வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் பாதிக் குழப்பம் வராது.

வீட்டுக்குப் போன பிறகு காயத்தில் ஐந்தாறு நாள் தாண்டியும் கசிந்தால், கெண்டைக்காலில் புதிதாக வீக்கம், வலி வந்தால் உடனே கூப்பிடுங்கள். மூச்சு வாங்கினால் போன் செய்து காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். காயத்தில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம்.

வடமராட்சி எழுதியது:

நான் இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்கிறேன், இடுப்பு முறிவு வார்டில். நீங்கள் கதைப்பதெல்லாம் திகதி குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சை பற்றி. எங்கள் ஆட்களுக்கு மூன்று மாத அவகாசம் கிடையாது. 84 வயது அம்மம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து வருவா. அவவுக்குச் சீனி வருத்தமும் இருக்கும், இதய வருத்தமும் இருக்கும், அதற்காக அவவைத் திருப்பி அனுப்ப ஏலாது.

2010இல் இருந்து இங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. 36 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை, 72 மணித்தியாலத்துக்குள் முதியோர் மருத்துவர் வந்து பார்ப்பது, இப்படிச் சில நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் அந்த நோயாளிக்குரிய மேலதிகப் பணம் ஆஸ்பத்திரிக்குக் கிடைக்கும். பணம் எண்டதும் எல்லாரும் ஓடி ஓடி வேலை செய்யினம். எலும்பு வைத்தியரும் முதியோர் வைத்தியரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்ப்பதுதான் இதில் பெரிய விசயம். ஊரில் என்ர பெரியம்மா விழுந்தபோது, இந்த வயதில் ஒப்பரேசன் தாங்குமோ எண்டு சொந்தக்காரர் கூடிக் கதைத்தே நாலைந்து நாள் போனது.

எலும்பன் எழுதியது:

வடமராட்சி சொன்னது இந்த இழையிலேயே மிக முக்கியமான பதிவு என்பேன். இடுப்பு முறிந்த முதியவர்களில் நான்கில் ஒருவர் வரை ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். எலும்பு கூடாததால் அல்ல. படுக்கையில் கிடப்பதால்: நுரையீரலில் சளி, படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, ரத்தக் கட்டி. "வயசாயிடுச்சு, ஆபரேஷன் தாங்க மாட்டார்" என்கிறார்கள். படுக்கையைத்தான் அவரால் தாங்க முடியாது.

எவ்வளவு சீக்கிரம் என்பதில் 2020இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 17 நாடுகள், ஏறக்குறைய மூவாயிரம் நோயாளிகள், இந்தியாவும் உண்டு. கண்டறிந்து ஆறு மணி நேரத்தில் செய்தவர்களையும் ஒரு நாளில் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இறப்பில் வித்தியாசமில்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்கு மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைவு, எழுந்து நின்றதும் சீக்கிரம். எனவே நடுராத்திரியில் பதற வேண்டாம், ஆனால் இதயத்துக்கு எக்கோ எடுக்க மூன்று நாள், உறவினர் துபாயிலிருந்து வர இரண்டு நாள் என்று இழுக்கக் கூடாது.

இன்னொன்று, எங்கள் ஆட்களே கோட்டை விடுவது. எலும்பைச் சேர்த்து அனுப்பிவிடுகிறோம், எலும்பு ஏன் முறிந்தது என்று பார்ப்பதில்லை. எலும்பை வலுவாக்க வருடத்துக்கு ஒரு தடவை போடும் சோலெட்ரானிக் அமில ஊசியை இடுப்பு முறிந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. புது முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன, இறப்பு 28 சதவீதம் குறைந்தது. சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், வைட்டமின் டி குறையை முதலில் சரிசெய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் காகிதத்தில் எலும்பு பலவீனத்துக்கு (ஆஸ்டியோபொரோசிஸ்) எதுவும் எழுதவில்லை என்றால் கேளுங்கள்.

கொல்லிமலை தேன் எழுதியது:

எங்கள் பக்கம் எலும்பு முறிந்தால் நாட்டு வைத்தியமான புத்தூர் கட்டுக்குத்தான் போவார்கள். எங்க தாத்தாவுக்குத் தோள்பட்டை எலும்பு அதில்தான் கூடியது. கத்தியில்லை, செலவில்லை.

எலும்பன் எழுதியது:

கூடியிருக்கும். காறை எலும்பு, விலா எலும்பு, விலகாத முறிவு இதெல்லாம் சும்மா தொங்கப்போட்டாலே பெரும்பாலும் கூடிவிடும். நாங்களும் அவற்றைப் பெரும்பாலும் ஆபரேஷன் செய்வதில்லை. இடுப்பு முறிவில் பலருக்கும் உடையும் தொடை எலும்பின் கழுத்து அப்படியல்ல. விலகி முறிந்தால் தலைப்பகுதிக்குப் போகும் ரத்த ஓட்டம் அறுந்துவிடும், எந்தக் கட்டாலும் கூடாது. நான் பயப்படுவது கட்டு இறுகுவதற்கு. கட்டுக்குக் கீழே விரல் மரத்துப்போனாலோ, விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிற வலி வந்தாலோ அந்த நிமிடமே கட்டை அவிழ்க்க வேண்டும். மறுநாள் வந்தவர்களுக்குக் காலையே எடுத்திருக்கிறேன்.

கொல்லிமலை தேன் எழுதியது:

சரி டாக்டர், நான் கேட்க வந்ததே வேறு. தம்பிக்கு வண்டியில் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்துவிட்டது. வயல் ஓரத்தில் கிடந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேரவே நேரமாகிவிட்டது. உள்ளே ராடு வைத்து ஏழு மாதமாகிறது, இன்னும் கூடவில்லை. போன வாரம் ஒரு ஸ்க்ரூ உடைந்துவிட்டது. மட்டமான ராடு வைத்துவிட்டார்களோ?

எலும்பன் எழுதியது:

ராடு மட்டமாக இருக்க வேண்டியதில்லை. எலும்பு கூடுவதற்கும் உலோகம் சோர்ந்து உடைவதற்கும் ஓட்டப்பந்தயம் என்று நாங்கள் சொல்வோம். எலும்பு தாமதித்தால் எந்த உலோகமும் ஒருநாள் உடையும்.

தோல் கிழிந்து எலும்பு வெளியே வந்த காயத்தில் எலும்பை மட்டும் பார்த்தால் போதாது. கோவை கங்கா மருத்துவமனையில் இதற்கென்று ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி 2006இல் வெளியிட்டார்கள், இப்போது வெளிநாடுகளிலும் பயன்படுகிறது. தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். கூடவே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம், சாக்கடை அல்லது வயல் மண் பட்டது, வயது, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் விழுந்தது என ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். 14 வரை இருந்தால் காலைக் காப்பாற்றலாம், 17ஐ எட்டினாலோ தாண்டினாலோ எடுப்பதே நல்லது, நடுவில் இருப்பது அனுபவத்தால் முடிவு செய்ய வேண்டியது. உங்கள் தம்பி வயல் ஓரத்தில் கிடந்த நேரம் எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்தே தெரியும்.

உள்ளே கிருமி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தம்பி பீடி, சிகரெட் குடிப்பாரா?

கொல்லிமலை தேன் எழுதியது:

ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி.

எலும்பன் எழுதியது:

அதை விடாமல் அடுத்த ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். புகை ரத்தக் குழாயைச் சுருக்கும், எலும்பு கூட வேண்டிய இடத்துக்கு ஆக்ஸிஜன் போகாது. எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு புகைப்பவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், கூடும்வரை தொடக் கூடாது. ஹான்ஸ், புகையிலை என்று மாறுவதும் வேண்டாம், நிகோடின் நிகோடின்தான்.

தாமிரபரணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாவது டாக்டரிடமே போகிறோம். அண்ணன் இன்னும் முணுமுணுக்கிறான், பரவாயில்லை. அம்மாவின் காலைத் திருப்பிப் பார்த்தேன், இரண்டு குதிகாலிலும் வெடிப்பு. பல் டாக்டரிடமும் கூட்டிப்போகிறேன். இரண்டு கேள்வி பாக்கி. இரண்டு காலையும் சேர்த்துச் செய்யலாமா? முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும் சித்தி ஒருவர் இருக்கிறார், அவருக்கும் இதே ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

எலும்பன் எழுதியது:

சேர்த்துச் செய்தால் ஒரே மயக்கம், ஒரே அட்மிஷன், செலவு குறைவு. ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பாரம் கூடும், ரத்த இழப்பும் ரத்தக் கட்டி ஆபத்தும் கூடும். வயது குறைந்த, இதயம் நன்றாக உள்ள, ரத்தம் போதுமான அளவு உள்ளவர்களுக்குச் செய்கிறோம். உங்கள் அம்மாவுக்கு நான் செய்ய மாட்டேன். மோசமான காலை முதலில் முடித்துவிட்டு மூன்று மாதம் பாருங்கள். அந்தக் கால் தேறியதும் மற்றதைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு.

மெத்தோட்ரெக்ஸேட்டைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. நோய் எதிர்ப்பை அடக்கும் பயாலஜிக் ஊசிகள் போட்டால் அதற்குத்தான் இடைவெளி பார்த்துத் தேதி குறிக்க வேண்டும். சித்தி தன் மூட்டுவாத டாக்டரைக் கேட்காமல் எதையும் தானாக நிறுத்தவோ தொடரவோ வேண்டாம்.

வைகைக்கரை எழுதியது:

மாமியாருக்கு நேற்றிலிருந்து முட்டை போகிறது. நாத்தனார்தான் அவித்துக் கொடுத்தார்! பிசியோ அக்கா, எங்கள் வீடு மாடியில். படியேறும்போது எந்தக் காலை முதலில் வைப்பது? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பிசியோ அக்கா எழுதியது:

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். நீங்கள் ஏறும்போது அவருக்குப் பின்னால், இறங்கும்போது அவருக்கு முன்னால், எப்போதும் கீழ்ப்படியில் நில்லுங்கள்.

பழைய ஸ்கூட்டர் எழுதியது:

ரெண்டு காலும் ஆபரேஷன் என்றால் நல்ல கால் எது அக்கா?

பிசியோ அக்கா எழுதியது:

அன்றைக்கு எது கம்மியாகத் திட்டு வாங்குகிறதோ அது. ஸ்கூட்டர் சார், இடுப்பு எக்ஸ்ரே எடுத்தீர்களா இல்லையா?

பழைய ஸ்கூட்டர் எழுதியது:

வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட்.